பறக்கும் படகும் அந்தத் தைரியமான அம்மாவும்

மொட்டு,

இந்தக் கடிதத்தை நீ படிக்க மாட்டாய். உயிரோடு இருந்தபோதே உனக்குத் தமிழ் படிக்க வராது. வாயில் மட்டும்தான் தமிழ். பள்ளிக்கூடத்தில் மராத்தியும் இங்கிலீஷும் படித்தாய். ஊருக்கு, ஆரணிக்குப் போனால் பஸ் போர்டைக்கூட ஆறாவதோடு நின்றுபோன நான்தான் உனக்குப் படித்துச் சொல்வேன். என் பிள்ளைக்கு நான் படித்துக் காட்ட ஒன்றாவது இருக்கிறதே என்று அப்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு பெருமை. அதே தமிழில் இப்போது உன்னைத் திட்டி எழுதுகிறேன். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். என் கதையை நீ முகம் தெரியாத மனிதர்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாய். உன் கதையை நானும் சொன்னால் என்ன?

நீ போனது ஆடியில். மார்கழி வரைக்கும் உனக்காக அழுதேன். மார்கழியிலிருந்து உன்மேல் கோபமாக இருக்கிறேன். இரண்டும் வேறுடா. அழுதால் கடைசியில் களைத்துப்போய்க் கண் மூடும். கோபத்தில் மூடாது.

படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். நாங்கள் புனேயில் தாபோடியில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். உன் அப்பா பிம்ப்ரியில் ஒரு ஃபேக்டரியில் டர்னர். நான் வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன். தமிழ் வீடுகளுக்கும் தைப்பேன், மராத்தி வீடுகளுக்கும் தைப்பேன். நீ ஒரே பிள்ளை. இரண்டு வயதில் மொட்டை போட்டு, மாதக்கணக்கில் முடி வளராமல் தலை மொட்டு மாதிரி இருந்ததால் வீட்டில் மொட்டு. தொண்ணூறுகளில் ஒரு கோடை லீவில் மெட்ராஸுக்குப் பக்கத்தில் ரெட்ஹில்ஸில் இருக்கிற என் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். ஏரிக்கரையில் நின்றுகொண்டு அண்ணன், இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் இந்த ஏரியில் மிலிட்டரி விமானம் வந்து இறங்குமாம் என்றார். நீ நாலாவது முடித்திருந்தாய். நம்பவில்லை. "மாமா ஜூட் போல்றாரும்மா. தண்ணில எறங்கினா முழுகிடும்ல?" என்றாய். அண்ணன், "ஏண்டா, எங்க ஊர்ல வந்து என்னையே இந்தில பொய்யன்னு சொல்றியா, உன்னைத் தூக்கி ஏரில போடறேன், நீ முழுகறியா மெதக்கறியா பாக்கலாம்" என்று துரத்தினார். அது சாதாரண விமானம் இல்லை, அடிவயிறு படகு மாதிரி இருக்கும், பறக்கும் படகு என்று பேர் என்று பிறகு விளக்கினார். அன்றைக்குப் பிடித்தது உனக்கு அந்தப் பைத்தியம்.

பெரியவனாகி, போசரியில் ஒரு சின்னக் கம்பெனியில் கம்ப்யூட்டரில் படம் வரைகிற வேலைக்குப் போனாய். கம்ப்யூட்டர் சாமான் விற்கிற தப்கீர் கல்லிக்கு நடையாய் நடந்து ஒவ்வொரு பாகமாக வாங்கி வந்து, என் தையல் மெஷினுக்கு எதிரிலேயே கம்ப்யூட்டரைச் சேர்த்து மாட்டி வைத்தாய். அதில் விமானம் ஓட்டுவாய். வேலை முடிந்து வந்தும் இந்த விளையாட்டா என்று கேட்டால், "விளையாட்டு இல்லம்மா, சிமுலேட்டர். விளையாட்டுல ஜெயிக்கணும். இதுல ஒழுங்கா எறங்கினாப் போதும்" என்பாய். கொஞ்ச நாளில் ஓட்டுவது போதவில்லை. அந்தப் பழைய மிலிட்டரி பறக்கும் படகையே கம்ப்யூட்டருக்குள் செய்யப் போகிறேன் என்று ஆரம்பித்தாய். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொண்டு, தங்கள் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கலாமாம். காசு கிடையாதாம். உனக்குக் கூட்டாக இன்டர்நெட்டில் அஞ்சாறு பேர். ஒருத்தரையும் நீ நேரில் பார்த்ததில்லை. உடம்பு செய்வது நீ. பறக்கிற கணக்குப் பார்ப்பது பெங்களூரில் ஒரு பையன், செந்தில். வண்ணம் அடிப்பது கனடாவில் ஒரு அம்மா, மார்கரெட். டெலிபோன் கம்பியில் மோடம் கீச் கீச்சென்று கத்தும்போது, "உன் சொந்தக்காரங்க கூப்பிடறாங்க" என்று உன் அப்பா கிண்டல் செய்வார்.

எனக்கு அது புரியாது என்று நீ ஒருநாளும் ஒதுக்கவில்லை. அதனால்தான் இப்போது இவ்வளவு வலிக்கிறது. படகின் அடிவயிற்றில் பாதி தூரத்தில் ஒரு படிக்கட்டு மாதிரி வெட்டு இருந்தது. இதென்ன, தப்பாக வரைந்துவிட்டாயா என்று கேட்டேன். கையைப் பிடித்து சமையலறைக்கு இழுத்துப்போய்க் குழாயைத் திறந்து, ஒரு கரண்டியின் முதுகைத் தண்ணீரில் லேசாகத் தொடவைத்தாய். கரண்டி தண்ணீர்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிற்று. "பாத்தியா? வளைஞ்ச வயித்தை தண்ணி விடாது, புடிச்சுக்கும். அந்தப் படிகிட்டதான் தண்ணி கையை விடும். அது இல்லேன்னா கடைசி வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும், எழும்பாது" என்றாய். நான் அதற்கப்புறம் கரண்டி கழுவும்போதெல்லாம் அப்படித் தொட்டுப் பார்ப்பேன்.

சத்தம் வேண்டும் என்றாய் ஒருநாள். படகு தண்ணீரில் மோதுகிற சத்தம். பாத்ரூமில் பெரிய பிளாஸ்டிக் டப் நிறையத் தண்ணீர் பிடித்து, துணி துவைக்கிற பலகையால் என்னை அறையச் சொன்னாய். நீ மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் வேகமா, யாரையோ அடிக்கிற மாதிரி" என்றாய். "உன்னை நெனச்சுக்கறேன், தானா வேகம் வரும்" என்று நானும் அறைந்தேன். தண்ணீர் வாசல் வழியாக வழிந்து கீழ் வீட்டு ஷிந்தே வஹினி, நம் பேச்சில் ஷிந்தே அண்ணி, மாடியேறி வந்துவிட்டாள். "காய் வஹினி, பூர் ஆலா கா?" வெள்ளம் வந்துவிட்டதா என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். நாம் இரண்டு பேரும் சொட்டச் சொட்ட நின்றோம். விமானம் இறங்குகிறது என்று நீ மராத்தியில் சொன்னதும், அவள் என்னைப் பார்த்து, பையனுக்குச் சீக்கிரம் ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்ன சத்தமும் அந்தப் பதிவில் விழுந்திருந்தது. நீ அதைத் தனியாக வெட்டி வைத்துச் சிரித்தாய்.

பிறகு தோல் போர்த்துகிற வேலை. உடம்பை முக்கோணம் முக்கோணமாகச் செய்து முடித்த பிறகு, அதன் மேல்தோலைக் கழற்றித் தட்டையாகப் பரப்பி, அதில் ஆணி, தகரம், அழுக்கு, எண்கள் எல்லாம் வரைந்து, மறுபடி போர்த்த வேண்டுமாம். மூக்கு உருண்டையாக இருந்ததால் எங்கே வெட்டினாலும் சுருங்கிற்று. நாள் கணக்கில் முணுமுணுத்துக்கொண்டிருந்தாய். நான் செம்பைக் கவிழ்த்து, மேலே பேப்பரை வைத்து அழுத்தி, சுருக்கம் விழுந்த இடத்திலெல்லாம் மடித்து டாட் பிடித்துக் காட்டினேன். ஜாக்கெட்டும் உருண்டைக்குத்தானே தைக்கிறோம். தையல் மேலே தெரியாமல் கக்கத்துக்குக் கீழே வருகிற மாதிரி வெட்டு என்றேன். நீ தையலைப் படகின் அடிவயிற்றுக்குக் கொண்டுபோனாய். சரியாக உட்கார்ந்தது. ஆனால் இன்னொரு தப்புச் செய்தாய். இரண்டு பக்கமும் ஒன்றுதானே என்று இடது பக்கத்துக்கு வரைந்ததையே வலது பக்கத்துக்கும் ஒட்டினாய். வலது பக்கம் எண்ணெல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரித் திரும்பி நின்றது. நான் சிரித்த சிரிப்பில் ஊசி கையில் குத்திவிட்டது. "ரெண்டு கையும் ஒரே தோளுக்கு வெட்டிட்டியேடா! நான் புதுசா தைக்க வந்தப்ப பண்ணின தப்பு இது" என்றேன். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பு பொய்யில்லை என்று இப்போதும் நினைக்கிறேன். அப்படி நினைக்கவாவது விடு என்னை.

அதற்கப்புறம் வந்த காலத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். உனக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. போசரி தூசி, அலர்ஜி என்றாய். மாத்திரை போட்டாய். அதுவும் அலர்ஜிக்கு என்றாய். காலையில் முகம் உப்பியிருந்தால், ராத்திரி பூராவும் கம்ப்யூட்டர், வேறெப்படி இருக்கும் என்றேன். தண்ணீர் வராத நாளில் கீழே இருந்து குடம் தூக்கச் சொன்னால், இதோ இதோ என்பாய், கடைசியில் அப்பா தூக்கிக்கொண்டு வருவார். கேஸ் சிலிண்டரை உருட்டிக்கூட வைக்க மாட்டாய். எத்தனை பேச்சுப் பேசினேன் உன்னை! இருபத்தஞ்சு வயதுத் தடியன், அறுபதை நெருங்குகிற அப்பன் தூக்குகிறான், வெட்கமாக இல்லையா, கல்யாணம் ஆனால் பெண்டாட்டியா தூக்குவாள் என்று பேசினேன். நீ தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாய். அப்பா, "விடேன், அவனுக்கு வேலை அலுப்பு" என்பார். அப்பனும் பிள்ளையும் சேர்ந்து என்னை ஒரு பொம்பளை ராட்சசியாக்குகிறீர்கள் என்று அவரையும் திட்டுவேன்.

அந்தக் குளிர்காலத்தில் வெளிநாட்டிலிருந்து ஒரு பார்சல் வந்தது. சாம்பலும் நீலமும் கலந்த கம்பளிச் சால்வை, கையால் பின்னியது. "போட்டில ஜெயிச்சேம்மா. பரிசு. லேடீஸ் சால்வை, உனக்குத்தான்" என்று என் தோளில் போட்டுவிட்டாய். மூக்கு சிவக்கிற குளிரில், பால் வாங்கப் போகும்போது அதைப் போர்த்திக்கொண்டு போவேன். ஷிந்தே வஹினியிடம் என் பையன் வெளிநாட்டுப் போட்டியில் ஜெயித்தது என்று சொன்னேன். மாவு மில்லில் சொன்னேன். கோயிலில் சொன்னேன். ரெட்ஹில்ஸுக்கு போன் போட்டு அண்ணனிடமும் சொன்னேன்.

ஆடி மாதம், நல்ல மழை. குளித்துவிட்டு வந்து துண்டோடு கட்டிலில் உட்கார்ந்தாய். நான் டிபன் டப்பாவில் சப்பாத்தி அடுக்கிக்கொண்டிருந்தேன். சுவரில் சாய்ந்திருந்தாய். "கம்பெனி வண்டி போயிடும்டா, எழுந்திரு" என்றேன். நீ அசையவில்லை. "காலங்காத்தால உக்காந்து தூங்கறியே, உனக்கு சம்பளம் குடுக்கறவனைச் சொல்லணும்" என்றேன். சட்டையை எடுத்து உன்மேல் எறிந்தேன். அது உன் மடியில் விழுந்து அப்படியே கிடந்தது. செத்த பிறகும் உனக்கு என் வாயால் ஒரு வசவு விழுந்தது, மொட்டு. அதை எந்தத் தண்ணீரில் கழுவுவேன்? திடீரென்று மாரடைப்பு என்றார் அப்பா. இந்த வயதிலா என்று எல்லோரும் மாரில் அடித்துக்கொண்டார்கள். யாருக்கு என்ன தெரியும், ஆண்டவன் கூப்பிட்டுக்கொண்டான் என்று நானும் மனசைத் தேற்றிக்கொண்டேன். யாருக்கும் தெரியாததால் யார்மேலும் கோபம் இல்லாமல் இருந்தது. அது ஒரு நிம்மதி என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

மார்கழியில் செந்தில் வந்தான். மகர்பட்டாவில் வேலை கிடைத்து புனேக்கு வந்துவிட்டேன், உங்களைப் பார்க்க வரலாமா என்று போனில் கேட்டுவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். சொந்த ஊர் கோயம்புத்தூராம். உன்னை நேரில் பார்க்காமலே இத்தனை வருஷம் பழகியவன். சுவரில் உன் போட்டோவைப் பார்த்துக்கொண்டே நின்றான். "மீசை வெச்சிருப்பான்னே நான் நெனைக்கலீங்க ஆன்ட்டி" என்றான். அப்புறம் உட்கார்ந்து, எங்கள் கூட்டத்தில் உங்களை எல்லோருக்கும் தெரியும் என்றான். யாராவது இரண்டு பக்கமும் ஒரே படத்தை ஒட்டி எண் திரும்பிப் போனால், 'அம்மா கை ஆயிடுச்சு' என்றுதான் சொல்வார்களாம். கனடாக்காரிகூட அப்படியே சொல்வாளாம். எனக்கு அன்றைக்கு உன்மேல் எவ்வளவு பாசம் பொங்கியது தெரியுமா? காபி கலக்கக் கை ஓடவில்லை.

காபியைக் கொடுக்கும்போதுதான் அவன் என் தோளில் இருந்த சால்வையைப் பார்த்தான். "இது மார்கரெட் பின்னுனது தானுங்க? போட்டோல பாத்தேன்."

"இல்லப்பா, போட்டில ஜெயிச்சது."

"போட்டியா?" அவன் சிரித்தான். "போட்டியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க ஆன்ட்டி. அவனுக்கு ஹார்ட் வீக்காயிடுச்சுன்னு சொன்னப்ப, உங்களுக்குன்னு அவங்களே பின்னி அனுப்புனாங்க. ஆஸ்பத்திரில அவங்கூட உக்காரும்போது ஏசி குளிருமே, அம்மா தோள்ல போட்டுக்கட்டும்னு."

எனக்கு அது சட்டென்று ஏறவில்லை. "ஆமா, ஆமா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. வந்த பிள்ளை எதிரில் என் வீட்டு விஷயம் எனக்கே தெரியாது என்று காட்டிக்கொள்ள வெட்கமாக இருந்தது. அவன் பேசிக்கொண்டே போனான். டாக்டர் சொன்னது, இதயம் பெருத்துப்போனது, மாத்திரையிலேயே பல வருஷம் ஓடலாம், ஓடாமலும் போகலாம் என்றது, அதனால் படகைச் சீக்கிரம் முடிக்க எல்லோரும் ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்தது என்று எல்லாம் சொன்னான். "நீங்கதான் ஆன்ட்டி எங்களுக்கே தைரியம். 'எங்கம்மாவுக்கு எல்லாம் தெரியும், ஒரு சொட்டுக் கண்ணீர் விடலை, என்னைவிட அவங்கதான் தைரியமா இருக்காங்க'ன்னு எழுதுவான்." அப்போது உன் அப்பா எழுந்து பால்கனிக்குப் போனார். செந்தில் அவர் முதுகைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். டம்ளரைக் கீழே வைத்தான். "ஆன்ட்டி... உங்களுக்குத் தெரியாதுங்களா?"

அவன் போன பிறகு பால்கனிக் கதவைப் பிடித்துக்கொண்டு உன் அப்பாவைக் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்தார்.

"தெரியுமான்னு கேக்கறேன்."

"டாக்டர் வீட்ல யாரையாவது கூட்டிட்டு வரச் சொன்னாராம். என்னைக் கூட்டிட்டுப் போனான்."

"ஒரு வருஷத்துக்கு மேல என் பக்கத்துல படுத்துத் தூங்கினீங்களே, எப்படித் தூங்கினீங்க?"

"சத்தியம் வாங்கிட்டான்."

"யார்மேல?"

"உன் தலைமேல. சொன்னா உனக்கு ஆகாதுன்னு. அவன் போயிடுவானோன்னு ஒருபக்கம் பாக்கறேன், உன்னையும் வெச்சு சூதாடச் சொல்றியா?"

என் தலையை வைத்தே என்னை ஏமாற்றியிருக்கிறீர்கள் இரண்டு பேரும். நம் சாதி சனத்தில் தலையில் அடித்துச் சத்தியம் செய்தால் அதை மீறமாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். தமிழ் படிக்கத் தெரியாதவனுக்கு இது மட்டும் தெரிந்திருக்கிறது. உன் அப்பா சொன்னார், 'வெளியில எல்லாருக்கும் நான் நோயாளி, வீட்ல ஒரு ஆளாவது என்னை எப்பவும்போலத் திட்டட்டும்பா' என்று நீ கேட்டாயாம். கேட்கிறவர்களுக்கு நன்றாகத்தான் இருக்கும். ஷிந்தே வஹினியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிள்ளைக்கு அம்மாமேல் எவ்வளவு ஆசை பார் என்றாள். எனக்கு ஆறவில்லை. உனக்கு வேண்டியிருந்தது என் வசவு. சரி. அதைக் கொடுத்த வாய் யாருடையது? சாகக் கிடக்கிற பிள்ளையைக் குடம் தூக்கச் சொன்ன பாவத்தை என் வாயில் வைத்துவிட்டுப் போனது நீதானே? நான் என் தப்பைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். தெரிந்திருந்தால் பேசியிருக்க மாட்டேன். இது நான் செய்த தப்பில்லை, மொட்டு. நீ என்னைச் செய்ய வைத்தது.

இன்னொன்று அதைவிட எரிகிறது. நான் அழுவேன், ஆர்ப்பாட்டம் செய்வேன், கோயில் கோயிலாக இழுத்துக்கொண்டு போவேன், கம்ப்யூட்டரை மூடச் சொல்வேன் என்று பயந்து எனக்குச் சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்குக் காட்ட ஒரு அம்மாவைச் செய்தாய். எல்லாம் தெரிந்தும் அழாதவள். உன் பக்கத்தில் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பவள். பறக்கும் படகைச் செய்த மாதிரியே அவளையும் செய்து, என் முகத்தை உரித்தெடுத்து அவள்மேல் போர்த்திவிட்டாய். கனடாவில் ஒரு பொம்பளை அவளுக்காகச் சால்வை பின்னியிருக்கிறாள். நான் அவளுடைய சால்வையைப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போயிருக்கிறேன்.

செந்தில் அன்றைக்கு ஒன்று கேட்டிருந்தான். படகின் உடம்பு முடிந்துவிட்டது, உள்ளே விமானி உட்கார்கிற அறைதான் பாக்கி, மூலக் கோப்பெல்லாம் உன் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிறது, கொடுத்தால் அவர்கள் முடித்து உன் பேரில் எல்லோருக்கும் கொடுப்பார்களாம். வேறெங்கும் பிரதி கிடையாதாம். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். உன் உடம்பு சமாச்சாரம் அவர்களுக்கு, உன் பயம் அவர்களுக்கு, உன் கடைசி ஞாயிற்றுக்கிழமைகள் அவர்களுக்கு. இந்த ஒரு பெட்டி என் வீட்டில் இருக்கிறது. இதையும் கொடுக்க வேண்டுமா? உன் அப்பா, "அவன் உசுரு அதுலதான் இருந்துச்சு, குடுத்துடலாம்" என்றார். "நீங்க பேசாதீங்க" என்றேன். அதற்கப்புறம் நாங்கள் பேசுவது சோறு போடவா, வேண்டாம் என்கிற அளவில்தான்.

ஒருநாள் தெருவில் பங்கார்வாலா கத்திக்கொண்டு போனான். கூப்பிட்டுவிட்டேன். பழைய பேப்பர், தகரம் வாங்குகிறவன். மாடியேறி வந்து உன் பெட்டியைப் புரட்டிப் பார்த்து, "சாலு ஹை க்யா, பாபி?" என்றான். ஓடுகிறதா என்று கேட்கிறான். ஓடவில்லை என்று சொன்னால் எடைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவான். எனக்கு அந்தப் பொய் வரவில்லை. "சாலு ஹை" என்றேன். "ஓடுதுன்னா ஏன் போடறீங்க? பையன் திட்ட மாட்டானா?" என்றான். அவனுக்குப் பழைய பேப்பரைக் கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.

தை பிறந்து செந்தில் மறுபடி வந்தான். கோப்பு கேட்க வரவில்லை என்று வாசலிலேயே சொன்னான். மார்கரெட்டுக்கு அவன் விஷயத்தைச் சொன்னானாம். அந்த அம்மா, உன்னிடம் எனக்காகச் சொல்லியனுப்பிய ஆறுதலெல்லாம் என்னிடம் வந்து சேரவே இல்லையே, ஒன்றும் தெரியாத ஒருத்திக்குச் சால்வை போர்த்திக் கேலி செய்த மாதிரி ஆகிவிட்டதே, நான் அவள்மேல் கோபமாக இருக்கிறேனா என்று கேட்டு அழுகிறாளாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ அவர்களையும்தான் ஏமாற்றியிருக்கிறாய். எனக்குத் தெரியும் என்று நம்பித்தான் அவர்கள் சும்மா இருந்திருக்கிறார்கள். இல்லையென்றால் யாராவது ஒருவர் போனை எடுத்து, அம்மா, உங்கள் பிள்ளையைக் கவனியுங்கள் என்று சொல்லியிருக்க மாட்டார்களா? "கோபம் அவங்கமேல இல்லப்பா" என்றேன்.

அவனே உன் கம்ப்யூட்டரைப் போட்டுக் காட்டினான். ரெட்ஹில்ஸ் ஏரியில் படகு மிதந்தது. இறக்கை நுனி மிதவைகள் மடங்கி மடங்கி இறங்கின. என் பலகை அறைந்த சத்தம் கேட்டது. வெளியிலிருந்து பார்த்தால் என்ன அழகுடா. அவன் விமானி உட்கார்கிற கண்ணாடிக் கூண்டுக்குள் கொண்டுபோனான். உள்ளே ஒன்றும் இல்லை. நாற்காலி இல்லை, பிடிக்கிற கைப்பிடி இல்லை. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஏரித் தண்ணீர் தெரிந்தது. நான் எத்தனையோ வீட்டுக்காரிகளோடு சண்டை போட்டிருக்கிறேன். அளவு மாறிவிட்டது, கழுத்து இறங்கிவிட்டது என்று வாசலில் நின்று கத்துவார்கள், நானும் கத்துவேன். ஆனால் வெட்டின துணியை யாருக்கும் நிறுத்தி வைத்ததில்லை. வெட்டின துணி தைக்கிறவளுக்கும் உதவாது, கொடுத்தவளுக்கும் உதவாது. சண்டையை அப்புறம் போடலாம், முதலில் தைத்துக் கொடுத்துவிட வேண்டும். என் மெஷினில் அதுதான் முறை. உன்னோடு போட வேண்டிய சண்டைக்கு ஏரியில் நிற்கிற அதை ஏன் வெறும் கூடாக நிறுத்தி வைக்க வேண்டும்?

"எடுத்துக்கோப்பா" என்றேன். உன் அப்பா பின்னால் நின்றிருந்தார். செந்தில் எல்லாவற்றையும் டிஸ்கில் ஏற்றிக்கொண்டான். கிளம்பும்போது, படகைத் திறந்ததும் வருகிற முதல் பக்கத்தில் உன் பேரோடு, தைரியமான அவன் அம்மாவுக்கு என்று போட எல்லோரும் ஆசைப்படுகிறோம் என்றான். வேண்டாம் என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு மறுபடி கேட்டான். "அந்தம்மா யாருன்னு எனக்குத் தெரியாதுப்பா. அவ பேரைப் போடறதுன்னா போடு. என் பேரைப் போடாதே" என்றேன். அவன் முகம் விழுந்துவிட்டது. பாவம், அவன் என்ன செய்வான். இரண்டு லட்டு கட்டிக் கொடுத்தேன்.

இதைப் படிக்கிற பிள்ளைகள் யாராவது இருந்தால் ஒன்று சொல்கிறேன். அம்மா தாங்க மாட்டாள் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். நாங்கள் அழுவோம்தான். தலையில் அடித்துக்கொள்வோம், ஊர்ச் சாமியையெல்லாம் கூப்பிடுவோம், இரண்டு நாள் சோறு இறங்காது. மூன்றாம் நாள் எழுந்து உலை வைப்போம். மாத்திரை வேளைக்குப் போட்டாயா என்று கேட்போம். அந்த முதல் இரண்டு நாளுக்குப் பயந்து மிச்சத்தையெல்லாம் எங்களிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள்.

உனக்கு என்ன சொல்ல, மொட்டு. திட்டினேன், தீரவில்லை. குழம்பில் உப்புக் குறைந்தாலும் சொல்வாயே என்னிடம். வேலையில் மேனேஜர் கத்தியதைச் சொல்வாய். எதிர் வீட்டுப் பெண் உன்னைப் பார்த்துச் சிரித்ததைக்கூடச் சொன்னவன் நீ. ஊர் பேர் தெரியாதவர்களுக்கு ஒரு அம்மாவைச் செய்து காட்டினாயே, எல்லாம் தெரிந்தும் உடையாதவள் என்று, அவளுக்கு என் கையைக் கொடுத்தாய், என் பேச்சைக் கொடுத்தாய், என் சிரிப்பைக் கொடுத்தாய். ஒரே ஒரு தடவை, அவளிடம் சொல்லிவிட்டதாக அவர்களுக்கு எழுதியதை இந்தப் பக்கம் திரும்பி, மெஷினில் உட்கார்ந்திருந்த என்னிடம் சொல்லிப் பார்த்திருந்தால், நான் அவள் மாதிரி இருந்திருக்க மாட்டேன்னு உனக்கு எப்படிடா தெரியும்?